நிற்கும் களஞ்சியம்

மும்பைக்குக் குடிவந்த நாள்முதல் நாம் காணும் காட்சி இது: ஏகாதசி தோறும் அண்டை வீட்டு மராட்டியர் விரத உணவாகச் சவ்வரிசிக் கிச்சடி சமைப்பர். நாமோ அதே சவ்வரிசியைப் பண்டிகைக்குப் பாயசமாக்குவோம். கோடையில் வடாம் இடுவோம். "இது எந்த மரத்தில் விளைகிறது?" என்று ஒருநாள் நம் வீட்டுச் சிறுவன் கேட்டான். "மரமன்று, சேலத்து மரவள்ளிக் கிழங்கு" என்று சிரித்தவாறே திருத்தினோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோது நாமே திருந்த வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடல்வழி வரவு தடைப்பட்ட பிறகே சேலத்துச் சவ்வரிசித் தொழில் வேரூன்றியது. அதற்கு முன்னைய மூலம் சேகோப் பனை. மொலுக்கா தீவுகளிலும் நியூகினியிலும் நன்னீர்ச் சதுப்புகளில் வளரும் இம்மரம், 10 முதல் 15 ஆண்டுகள் தண்டினுள் மாவைத் திரட்டி, ஒரே முறை பூத்து மடியும். பூக்குமுன் வெட்டி, உட்சோற்றை இடித்து, நீரில் அலசி வடித்தால் மாவு அடியில் படியும்.

செராம் தீவில் இதனைக் கண்ட இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் வாலஸ், ஒருவன் பத்து நாள் உழைத்தால் ஓராண்டு உணவு பெறலாம் என 1869இல் வெளிவந்த தம் நூலில் கணக்கிட்டார். இத்தகைய எளிமை சோம்பலை வளர்க்கும் என்றும் கருதினார். அவர் வெட்டும் நாள்களை எண்ணினார். காக்கும் ஆண்டுகளை எண்ணவில்லை. மொலுக்காவில் சேகோத் தோப்புகள் குடிவழியினரின் பொதுவுடைமை. தாய்மரத்தின் அடியில் எழும் கன்றுகளுள் நல்லவற்றை விட்டு மற்றவற்றைக் களைவர். சிலவற்றைப் பெயர்த்து நடுவர். ஒரு தலைமுறை வெட்டுவது முந்தைய தலைமுறை விட்டுச்சென்ற கன்று. வேறு பயிர் பொய்த்தாலும் களஞ்சியம் சதுப்பில் நிற்கும்.

நியூகினியின் மெராக்கேயில் 2010இல் இந்தோனேசிய அரசு உணவு, எரிபொருள் பெரும்பண்ணைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் விளைவாகச் சேகோ உண்ணும் மரிந்த் மக்கள் தம் காடுகளை இழந்தனர். நாட்டுக்கு உணவு என்னும் பெயரால் ஒரு மக்களின் உணவுக்கே கேடு வந்தது.

பிழைப்புக்காக ஊர் விட்ட நமக்கு இவ்விழப்பு அயலானதன்று. பாட்டனார் நட்ட பனையின் நுங்கை உண்டு வளர்ந்தவர் நாம். நம் பேரர்க்கென நட்டது யாது? சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்: "நீ கேட்டது சரி, அது மரத்தில்தான் விளைந்தது."