மந்தையைக் காத்தவர்கள்

மிசூலா நகரிலிருந்து 93-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் ஊர்ப்பெயர்ப் பலகைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தோடு சாலிஷ், கூட்னாய் மொழிகளிலும் பெயர்கள் எழுதியிருக்கும். மான்ட்டானா மாநிலத்தில், 1855-ஆம் ஆண்டு ஹெல்கேட் உடன்படிக்கையின்படி பழங்குடிகளுக்கென்று விடப்பட்ட ஃபிளாட்ஹெட் நிலம் இது. இங்குள்ள புல்மேடுகளில்தான் பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமைகள் மேய்கின்றன. 1908-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இங்கே ஒரு சரணாலயத்தை அமைத்து அவற்றைக் காப்பாற்றினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கதை. அதில் முதல் பாதியைக் காணோம் என்பது என் கட்சி.

1881-இல் ரயில் மான்ட்டானாவின் கிழக்கேயுள்ள மைல்ஸ் சிட்டிக்கு வந்தது. தோலுக்காகச் சுட்டவர்கள் இரண்டே ஆண்டுகளில் வடக்குச் சமவெளியின் பைசன் மந்தையைத் துடைத்தெடுத்தார்கள். 1886-இல் அருங்காட்சியகத்துக்கு மாதிரி தேடி வந்த வில்லியம் ஹார்னடே, எஞ்சியவற்றைத் தேடி அலைய வேண்டியிருந்தது. ஆனால் ராக்கி மலைகளுக்கு மேற்கே ஒரு மந்தை அப்போதே பெருகிக்கொண்டிருந்தது. கிழக்குச் சமவெளியிலிருந்து கன்றுகளை ஓட்டிவந்தவர் லடாட்டி என்கிறது சாலிஷ் மக்களின் வாய்மொழி வரலாறு. 1884-இல் அந்த மந்தையை மிஷேல் பாப்லோவும் சார்லஸ் அல்லார்டும் வாங்கினார்கள். இருவரும் பழங்குடி இரத்தம் கலந்தவர்கள். பாப்லோ லாபம் பார்த்த பண்ணைக்காரர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவருடைய பைசன்கள் நூற்றுக்கணக்கில் பெருகியது, வேலியில்லாத பொதுப் புல்வெளி இருந்ததால். 1904-இல் வந்த சட்டம் அந்த நிலத்தைத் துண்டுபோட்டு, மிஞ்சியதைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட வழிசெய்தது. மேய்ச்சலுக்கு இடமில்லாமல் போகும் நிலையில், அமெரிக்க அரசும் மந்தையை வாங்காததால், 1907 முதல் சுமார் 700 பைசன்களை அவர் கனடாவுக்கு விற்றார். மந்தையைக் கலைத்த அரசே, மறு ஆண்டு, அதே பழங்குடிகளின் நிலத்தில் 18,000 ஏக்கருக்கு மேல் அவர்கள் சம்மதமில்லாமல் எடுத்துச் சரணாலயம் அமைத்தது.

ஹார்னடேயின் அமெரிக்கப் பைசன் சங்கம் பணம் திரட்டித் தந்திராவிட்டால் சரணாலயத்தில் விட விலங்கே இருந்திருக்காது என்பார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய விலங்குகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை காலிஸ்பெல் ஊரில் கான்ராட் குடும்பத்திடமிருந்து. அந்த மந்தையோ அல்லார்டின் பங்கிலிருந்து போனது. சரணாலயத்தைப் பழங்குடிகளுக்கே திருப்பித் தரும் பேச்சு வந்தபோது, பொதுச் சொத்தை அவர்களிடம் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கதவு அடைபடும் என்ற அச்சமும் எழுந்தது. நிலம் பறிக்கப்பட்டது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1971-இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020 டிசம்பரில் சட்டத்தின் மூலம் நிலம் அவர்களுக்கே திரும்பியது. கதவு அடைபடவில்லை; பயணிகள் இன்றும் ரெட் ஸ்லீப் மலைப்பாதையில் வண்டியோட்டிப் போகிறார்கள். பழங்குடிகளுக்குக் காட்டுயிரைப் பேணத் தெரியுமா என்று ஐயப்படுகிறவர்கள் அந்த 93-ஆம் நெடுஞ்சாலையையே பார்க்கட்டும். அதை அகலப்படுத்த வந்தபோது, சாலைதான் இங்கே விருந்தாளி என்று பழங்குடிகள் விடாப்பிடியாக நின்றார்கள். அதன் பலனாக நாற்பதுக்கும் மேற்பட்ட விலங்குக் கடவைகள் கட்டப்பட்டன. எவாரோ அருகே புல்லும் மரமும் வளர்ந்த ஒரு மேம்பாலம் சாலைக்குக் குறுக்கே போகிறது. மானும் கரடியும் அதன்மேல் நடந்து மறுபக்கக் காட்டுக்குப் போகின்றன.