லாமுவின் பாய்மரங்கள்

கென்யா என்றதும் சிங்கமும் யானையும் உலவும் புல்வெளிகளே நம் நினைவுக்கு வரும். அந்நாட்டின் வடகிழக்குக் கரையில், சோமாலிய எல்லைக்கு அருகே, லாமு என்றொரு சிறு தீவு இருப்பதையும், பாங்கொலி கேட்டுக் கண்விழிக்கும் பழம்பெரும் முஸ்லிம் நகரம் ஒன்று அங்கே இருப்பதையும் நம்மில் பலர் அறியோம். வாசக அன்பர்களே, அத்தீவுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அதன் மாளிகைகளைக் காட்டுவதற்கன்று. ஒரு படகின் கயிறுகளைக் காட்டுவதற்கு.

விமானம் இறங்குவது எதிரேயுள்ள மண்டா தீவில். அங்கிருந்து படகேறிக் கடற்கால்வாயைக் கடந்தால் லாமு நகரின் படித்துறை. பழைய நகரத்துச் சந்துகளில் மோட்டார் வாகனம் நுழைய இடமில்லை. சுமை தூக்குபவை கழுதைகளே. பவழக்கல் சுவர்கள், கண்டல் மர உத்திரங்கள், சித்திர வேலைப்பாடு மிக்க கதவுகள் ஆகியவற்றைக் கண்டு, யுனெஸ்கோ நிறுவனம் 2001ஆம் ஆண்டு இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போலவே இங்குள்ளோரும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். கைலியுடுத்தித் தொப்பியணிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கண்டால், நம் ஊர்க் கடைத்தெருவுக்கே வந்துவிட்டோமோ என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும்.

இங்குள்ள ரியாதா பள்ளிவாசலை நிறுவியவர் ஹபீப் ஸாலிஹ் அவர்கள். ஹழ்ரமவ்த்தின் ஜமலுல்லைல் வம்சத்தில் தோன்றி, கொமொரோ தீவுகளிலிருந்து லாமுவுக்கு வந்து குடியேறியவர். மேட்டுக்குடியினர் மட்டுமே மார்க்கக் கல்வி பெற்றுவந்த ஊரில், ஏழைகளுக்கும் அடிமைகளாயிருந்தோருக்கும் அவர் கற்பித்தார். 1935ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வழியில் வந்த மௌலிது விழா ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. மௌலிது ஓதுவது பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடு அங்கும் உண்டு. அது இக்கட்டுரையின் பொருளன்று. அந்நாட்களில் கழுதை ஓட்டம், நீச்சல் ஆகியவற்றுடன் பாய்மரப் படகுப் பந்தயமும் நடக்கிறது. அதற்காகவே உங்களை இவ்வளவு தூரம் அழைத்துவந்தேன்.

பந்தயத்தில் ஓடுபவை 'மஷுவா' எனப்படும் சிறு படகுகள். இவற்றில் பெரும்பாலானவை மற்ற நாட்களில் மீன்பிடிக்கவும் மணலும் கல்லும் ஏற்றவும் உழைப்பவை. இயந்திரம் கூடாது, காற்றும் கயிறும் கைத்திறனும் மட்டுமே.

ஒரே ஊரில், ஒரே மரத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் கட்டப்பட்ட இரு படகுகளுள் ஒன்று மட்டும் ஏன் முந்துகிறது? பந்தயத்துக்கு முந்தைய நாள் கரைக்குச் சென்று பாருங்கள், விடை கிடைக்கும். ஈரம் வற்றும் நேரத்தில் படகை மணலில் சாய்த்து, அடிப்புறத்தைச் சுரண்டி, சுண்ணாம்பும் மிருகக் கொழுப்பும் குழைத்த பூச்சைப் புதிதாகப் பூசுவார்கள். நீர் வழுக்கிச் செல்ல இது உதவும். ஆனால் உண்மையான வேலை மேலே, பாய்மரத்தில்தான்.

மரம் குட்டையானது, அணியத்தை நோக்கிச் சற்றே சாய்ந்து நிற்பது. அதன் அடியில் அடித்த ஆப்புகளை மாற்றுவதன் மூலம் சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம். விரலளவு மாற்றந்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மரம் பின்னுக்கு வந்தால் பாயின் வலுவும் பின்னுக்கு வரும். படகு ஓயாது காற்றின் பக்கமே முகந்திருப்பும். சுக்கான் பிடிப்பவர் அதனோடு மல்லாட நேரும். திருப்பிப் பிடித்த சுக்கான் நீரைத் தடுப்பதால் வேகமும் குறையும். மரம் அளவுக்கு மீறி முன்னுக்குச் சென்றாலோ படகு காற்றை விட்டு ஒதுங்கும், எதிர்க்காற்றில் ஏறாது. சுக்கானை ஒரு கணம் கைவிட்டால், படகு மெல்லக் காற்றின் பக்கம் திரும்ப வேண்டும். வெடுக்கெனத் திரும்பினாலும் தவறு, திரும்பாமற் போனாலும் தவறு. இதை அளக்கக் கருவி கிடையாது, உள்ளங்கையே கருவி.

மரத்தின் மேல் குறுக்காக ஏறுவது பருமல். ஒன்றுக்கு மேற்பட்ட கழிகளை ஒட்டி வரிந்து கட்டிய அது, பாய்மரத்தைவிட மிக நீளமானது. நுனி மெலிந்திருந்தால் பெருங்காற்றில் வளைந்து மிகுதிக் காற்றைச் சிந்திவிடும், படகு கவிழாது. விறைப்பாயிருந்தால் இளங்காற்றையும் வீணாக்காது. எதைத் தேர்வது? இங்கேதான் பிறைக்கணக்கு வந்து குறுக்கிடுகிறது! ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. எனவே மௌலிதுப் பந்தயம் சில ஆண்டுகளில் 'கஸ்காஸி' எனப்படும் வடகிழக்குப் பருவக்காற்றிலும், வேறு சில ஆண்டுகளில் தென்புறத்திலிருந்து வலுத்து வீசும் 'குசி' காற்றிலும் வந்து விழும். தந்தை வென்ற அமைப்பை அப்படியே வைத்து மகன் வெல்ல இயலாது. குசி நாளில் சிறிய பாயும் கூடுதல் அடிபாரமும். கஸ்காஸி தணிந்த நாளில் பெரிய பாயும் இலேசான படகும்.

பந்தயம் தொடங்கிய பின்னும் கைகள் ஓய்வதில்லை. எதிர்க்காற்றில் ஏறும்போது பருமலின் கீழ்நுனியை அணியத்தோடு இறுக்கிக் கட்டுவர். காற்று பின்னிருந்து வரும்போது தளர்த்துவர். பருமலை ஏற்றும் ஆஞ்சான் கயிறே மரத்தைத் தாங்கும் கயிறாகவும் நிற்பதால், அது நெகிழ்ந்தால் மரமும் ஆடும். மணல் மூட்டைகள் ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று வரும் பக்கத்துக்கு மாற்றப்படும். அதுவும் போதாவிட்டால் வெளியே நீட்டிய ஒரு பலகையின் மேல் ஆட்கள் ஏறி, கடலுக்கு மேலே தொங்கியபடி படகைச் சமன் செய்வர். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு பதைக்கும். அவர்களோ சிரித்துக்கொண்டே பாடுவார்கள். திசைமாற்றும்போது பாயின் மூலையை அவிழ்த்து, பருமலை நிமிர்த்தி, மரத்துக்கு முன்பக்கமாகச் சுற்றி மறுபுறம் கொண்டுவர வேண்டும். ஒருவர் கை பிந்தினாலும் பாய் மரத்தோடு சுருண்டுகொள்ளும். முந்திய படகுகள் பிந்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அந்தப் பலகை நமக்குப் புதிதன்று. பாக் நீரிணைப் படகுகளில் இத்தகைய சமன்பலகை இருந்ததை, சென்னை மாகாண மீன்துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் எழுதி வைத்திருக்கிறார். சொற்களும் புதியன அல்ல. நாம் சுக்கான் என்பதை அவர்கள் 'உசுகானி' என்பர்; இரண்டும் அரபியின் 'சுக்கான்' வழி வந்தவை. கப்பல் தலைவரை நம் மரைக்காயர்கள் நாகுதா என்றனர், அவர்களுக்கு 'நஹோதா'. நம் பருமல் அங்கே 'ஃபொரொமாலி'. ஒரே கடலில் ஒரே காற்றுக்குக் காத்திருந்தவர்களின் மொழி அது. நம் கரைகளில் அச்சொற்கள் அகராதியில் எஞ்சியிருக்கின்றன. நாகூரிலோ கீழக்கரையிலோ இன்றைய கல்லூரி மாணவரிடம் ஆஞ்சான் எது, தாமான் எது என்று கேட்டுப் பாருங்கள். லாமுவில் பத்து வயதுச் சிறுவன் தன் மொழியில் அவற்றைப் பெயரிட்டு, முடிச்சும் போட்டுக் காட்டுவான்.

அங்கும் இது நிலைக்குமா என்பது ஐயமே. படகுகளில் இயந்திரம் ஏறிவிட்டது. மண்டா விரிகுடாவில் பெருந்துறைமுகம் எழுந்து, அதன் முதல் தளம் 2021ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அக்கட்டுமானத்தால் பிழைப்பு பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 4,600 மீனவர்களுக்கு 176 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு வழங்கவேண்டுமென்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பணம் கைக்கு வரலாம். மீன் கிடைத்த இடம் திரும்பி வருமா? பாய் விரிக்கும் தொழில் சுருங்கினால், ஆப்பைத் தட்டி மரத்தின் சாய்வைத் திருத்தும் கைகளும் குறையத்தான் செய்யும். பந்தயம் வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் குறை கூறுவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பாய்க்கலை தெரிந்தவருக்கு ஊரார் முன்னிலையில் மதிப்புக் கிடைப்பது இந்நாளில்தான். அந்த மதிப்பைக் கண்டுதான் சிறுவர்கள் கயிற்றைத் தொடுகின்றனர்.

நீங்கள் செல்வதாயின் ரபீஉல் அவ்வல் மாதத்தில் செல்லுங்கள். பயண எச்சரிக்கைகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தீவின் மறுபுறம் மடோண்டோனி என்னும் கிராமத்தில் படகு கட்டும் ஆசாரிகளைக் காணலாம். பந்தயம் முடிந்த மறுநாளும் படித்துறைக்கு வாருங்கள். பெரிய பாயைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்றிருப்பார்கள். கிழிசல் தைத்த பழைய பாயோடு, சுவர் கட்ட மணல் ஏற்றிக்கொண்டு, நேற்று வென்ற மஷுவா நீர்மட்டம் தாழ்ந்து மெதுவாக வந்துகொண்டிருக்கும்.