கடல்குதிரைக்குப் பசிக்கும் பாஸ்!

கண்ணாடித் தொட்டி, கலர் லைட், உள்ளே நீந்தும் மீன்கள்... இந்த ஆசை உங்களுக்கும் இருக்கா? கோல்டு ஃபிஷ், கப்பி, ஃபைட்டர்னு ஆரம்பிச்சு, 'வித்தியாசமா ஏதாச்சும் வளர்க்கலாமே'ன்னு மனசு அலையும்போது கண்ணுல படுறதுதான் கடல்குதிரை. குதிரை மூஞ்சி, குரங்கு வால், பிள்ளையை வயித்துல சுமக்கிற அப்பா. யாருக்குத்தான் ஆசை வராது?

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வடசென்னைப் பக்கம் வாங்க. அக்வேரியம் கடையில சொல்லாத விஷயங்களை இந்தக் கடற்கரை சொல்லும்.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடணும். பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டாப் ராயபுரம். 1856-ல தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் இதுதான். அங்கிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம். போனா... ஏலச் சத்தம் காதைப் பிளக்கும். வஞ்சிரம், சங்கரா, இறால்னு கூடை கூடையா இறங்கும். ஓரமா கொட்டிக் கிடக்கிற கழிசல் மீன் குவியலை யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க. கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போற சரக்கு அது.

கடல்குதிரையின் கதை அந்தக் குவியல்லதான் ஆரம்பிக்குது. தரையை வாரிக்கிட்டு வர்ற இழுவலைக்கு இறால் எது, கடல்குதிரை எதுன்னு தெரியாது. கடல்குதிரைக்கோ வேகமா நீந்தி ஓடத் தெரியாது. ஆபத்துன்னா வாலால எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். மாட்டிக்கும். காய வெச்ச கடல்குதிரைக்கு வெளிநாட்டு நாட்டு மருந்துச் சந்தையில கிராக்கி அதிகம்.

அதனாலதான் 2001-ல நம்ம அரசு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள கடல்குதிரைகளைக் கொண்டுவந்துச்சு. பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. யானை, புலி மாதிரி இதுவும் பாதுகாக்கப்பட்ட ஜீவன். கடையில யாராச்சும் ரகசியமா நீட்டினாலும் கை நீட்டாதீங்க. ஜெயில் வரைக்கும் போற சமாச்சாரம்!

'சட்டத்தை விடுங்க, வளர்க்கிறது ஈஸியா?'ன்னு கேட்டா, அதுவும் இல்லை. கடல்குதிரைக்குப் பல்லும் கிடையாது, வயிறும் கிடையாது. உள்ளே போன தீனி தங்காம ஓடிடும். அதனால எப்பவும் பசி. குழாய் மாதிரி மூக்கால குட்டி இறால்களை 'சர்ர்'னு உறிஞ்சும். அதுவும் பெரும்பாலும் உயிரோட நகர்ற இரைதான் வேணும். கடையில விற்கிற உலர் தீனியைத் திரும்பிக்கூட பார்க்காது. ஆர்ட்டீமியா முட்டையை உப்புத் தண்ணியில போட்டா ஒண்ணு, ரெண்டு நாள்ல பொரிஞ்சுடும். ஆனா அது மட்டும் சத்துக்குப் பத்தாது. தினமும் ரெண்டு மூணு வேளை ஊட்டணும். செமஸ்டர் நேரத்துல நமக்கே ஒழுங்கா சாப்பிட நேரமில்லை, இதுக்கு யாரு ஊட்டுறது?

சரி, இதுக்குக் கடல் எப்படிச் சோறு போடுது? பதில் தெரியணும்னா ராயபுரத்துல மறுபடி ரயில் ஏறுங்க. திருவொற்றியூர், கத்திவாக்கம் தாண்டினா எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடல்ல கலக்கிற முகத்துவாரம். உப்பும் நல்ல தண்ணியும் கலக்கிற இந்தச் சேறும் அலையாத்தியும்தான் குட்டி இறால்கள் வளர்ற தொட்டில். இன்னிக்கும் இருளர்கள் தண்ணியில இறங்கி, வெறும் கையால சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இடம். இந்தத் தொட்டில் நல்லா இருந்தாத்தான் மீனவர் வீட்டுல அடுப்பு எரியும். கடல்ல இருக்கிற சின்ன வாய்களுக்கும் தீனி கிடைக்கும்.

நிமிர்ந்து பாருங்க... அனல் மின் நிலையப் புகைபோக்கிகள். கரையில சாம்பல் படிஞ்ச சேறு. 2017 ஜனவரி 28-ல எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ, வாளியோட வந்து அள்ளினவங்கள்ல காலேஜ் பசங்களும் இருந்தாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கத்து எண்ணெய் இதே முகத்துவாரத்துல பரவினப்போ, படகெல்லாம் கறுப்பாச்சு. தொழிலுக்குப் போக முடியாம மீனவர்களே இறங்கி எண்ணெயை அள்ளினாங்க.

வீட்டுத் தொட்டியில தண்ணி கெட்டா என்ன பண்ணுவீங்க? உடனே மாத்துவீங்க. ஃபில்டரைக் கழுவுவீங்க. எண்ணூர்ல தண்ணி கெட்டா? மாத்துறதுக்கு வேற தண்ணி கிடையாது பாஸ். கெடாம பார்த்துக்கிறது மட்டும்தான் ஒரே வழி.

அதனால, கலர் மீன் ஆசைன்னா நேரா கொளத்தூர் போங்க. வீட்டு மாடியிலேயே தொட்டி கட்டி மீன் வளர்த்து விற்கிறவங்க ஏராளம். ஒரு ஜோடி கப்பி வாங்குங்க, குட்டி போட்டே தொட்டியை நிரப்பிடும். கடல்குதிரையைக் கடல்லயே விட்டுடுங்க. அதுக்கு வேளாவேளைக்கு ஊட்டுற வேலையைக் கடல் பார்த்துக்கும். எண்ணூர் தண்ணி கறுக்காம இருக்கான்னு கேள்வி கேட்கிற வேலை நம்மளோடது. உங்க என்.எஸ்.எஸ். கேம்ப் அடுத்து எங்கேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?