மூன்றரை அடிக்கு இப்பால்

பூக்கட்டும் விரல்களை எடுக்கப் போய் ஒரு ரோலையே பாழாக்கியிருந்தேன். மயிலாப்பூர் மாட வீதி, காலை வெளிச்சம், இரண்டடி தூரம். கழுவி வந்த நெகட்டிவில் அந்தம்மாவுக்குப் பின்னால் இருந்த கூடையின் பின்னல் துல்லியமாக இருந்தது. மல்லிகையும் விரல்களும் கலங்கிப்போயிருந்தன. எனக்கு லென்ஸ் மேல்தான் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தோடுதான் அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பட்டறைக்குப் போனேன். நாற்பது வருடமாகக் கேமரா பிரிக்கிறவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். உதவிக்கு அக்கா மகன். தீப்பெட்டித் தட்டுகளில் கடுகளவு திருகுகள். மூலையில் பல்பு எரியும் மர அலமாரி. கடற்காற்று அடிக்கிற ஊரில் லென்ஸுக்குப் பூஞ்சைதான் எமன், அந்தப் பல்புச் சூடுதான் மருந்து.

என்னிடம் இருப்பது கேனன் பி, 1959இல் வந்த மாடல். அதில் நிக்கார் 5 செ.மீ. எஃப்/2 லென்ஸ். 39 மி.மீ. மரை என்பதால் பழைய லைக்காவுக்கும் பொருந்தும். 1950இல் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கார் லென்ஸ்களைத் தன் லைக்காவில் மாட்டிக்கொண்டுதான் கொரியப் போருக்குப் போனார். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, மாஸ்டர் லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மூணரை அடில லேசா ஒரு தட்டு தட்டுதே, பாத்தீங்களா சார்?"

பார்த்திருக்கிறேன். கிரீஸ் இறுகிப்போனதால் வரும் கோளாறு என்று நினைத்து அங்கேயே திருப்புவதை நிறுத்திவிடுவேன்.

"அது கோளாறு இல்ல. எல்லைக்கல்லு."

கேமராவில் தூரம் பார்த்து ஃபோகஸ் வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டருக்கு இரண்டு ஜன்னல்கள். விரலை மூக்கருகே கொண்டுவந்தால் நம் கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன அல்லவா, அதே வேலையைத்தான் அவையும் செய்கின்றன. லென்ஸ் முன்னால் நகர நகர, அதன் பின்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நெம்புகோல் கூடவே நகரும். இரட்டையாகத் தெரிந்த உருவம் ஒன்றாகும். மூன்றரை அடிக்குள் வந்துவிட்டால் நெம்புகோல் நின்றுவிடும். இந்த நிக்கார் மட்டும் அதைவிட்டு விலகி ஒன்றரை அடி வரை தனியாகப் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொடுவானத்திலிருந்து மூன்றரை அடிக்கு வர லென்ஸ் நகர்வது சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். மிச்சமுள்ள இரண்டடிக்கு இன்னும் நாலரை மில்லிமீட்டர் வேண்டும். கிட்டே வருவதுதான் நெடும்பயணம்.

மாஸ்டர் பின்கதவைத் திறந்து ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தினார். எஃகுத் திரையில் சுருக்கம். "இந்த மாடல்ல சுருக்கமில்லாம வந்தாத்தான் ஆச்சரியம்." ஃபிலிம் ஓடும் தடத்தில் அரைத்த கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, வளையத்தை ஒன்றரை அடிக்குத் திருப்பினார். பையன் ஒரு தீப்பெட்டியை அந்தத் தூரத்தில் நிறுத்தினான். பூதக்கண்ணாடி வழியே குனிந்தேன். தலைகீழாக, ஒவ்வொரு எழுத்தும் கத்தி முனை மாதிரி. லென்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை.

லைக்காவைச் செய்த லைட்ஸ் கம்பெனி 1956இல் இதற்கு வேறு வழி கண்டது: டூயல் ரேஞ்ச் சம்மிக்ரான். கிட்டத்தில் எடுக்கும்போது ஒரு மூக்குக்கண்ணாடியை லென்ஸ் மேல் மாட்டினால் அது ரேஞ்ச்ஃபைண்டரின் பார்வையைத் திருத்திவிடும். சுமார் 48 செ.மீ. வரை கண்ணாலேயே ஃபோகஸ் வைக்கலாம். அதே கம்பெனி நான்கு கால் வைத்த ஒரு தாங்கியும் விற்றது. கால்களைக் காகிதத்தின் நான்கு மூலைகளில் ஊன்றினால் தூரமும் சரி, சட்டமும் சரி. பார்க்கவே வேண்டாம். எனக்கென்னவோ இந்த நாலுகால் வகையறாதான் பிடித்திருக்கிறது.

மாஸ்டருக்கும்தான். இளவயதில் கோடம்பாக்கத்து சினிமா லென்ஸ்களைப் பிரித்தவர். "ஹீரோயின் கண்ணு வரைக்கும் டேப் புடிச்சு அளப்பாங்க சார். ஃபோகஸ் புல்லர் வ்யூஃபைண்டர்ல பாத்தா வெச்சான்?" மேஜை இழுப்பறையிலிருந்து பருத்தி நூல் எடுத்தார். ஒன்றரை, இரண்டு, இரண்டரை அடியில் முடிச்சுகள். அளவு லென்ஸின் மூக்கிலிருந்து இல்லை, ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து. கேமரா முதுகை ஒட்டி அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். இந்தக் கிட்டத்தில் எஃப்/2இல் கூர்மையாக விழும் ஆழம் ஒரு செ.மீ.கூட இல்லை, எஃப்/8க்கு மூடினால் மூன்று செ.மீ. கிடைக்கலாம். வ்யூஃபைண்டர் லென்ஸுக்கு மேலும் இடப்பக்கமும் இருப்பதால், பார்த்து முடித்ததும் கேமராவை அந்தத் திசையில் கொஞ்சம் நகர்த்தியும் வைக்க வேண்டும்.

கிரீஸ் மாற்றவில்லை. காசும் வாங்கவில்லை. "வேலை எதுவும் செய்யலியே சார்."

ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முகம் வேண்டாமென்றார். திருகாணிமுனை தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கட்டைவிரலை விளக்கடியில் வைத்தார். எஃப்/8, ஒன்றரை அடி. பையன் நூலின் ஒரு முனையைக் கேமராவில் அழுத்தி, முடிச்சை அவர் நகத்துக்குக் கொண்டுபோனான்.

"மாமா, தொய்யுது."

"இழுத்துப் புடிடா."