கடைச்சரக்கு

ஜின்னுக்கென்று சொந்த ருசி கிடையாது. தானியத்திலிருந்தோ மொலாசஸிலிருந்தோ எடுத்த, மணம் குணம் ஏதுமற்ற ஆல்கஹாலை வைத்துக்கொண்டு, அதில் ஜூனிபர் என்ற செடியின் காயையும் வேறு சில விதை, வேர், பழத்தோல்களையும் போட்டு மறுபடி வடித்தால் ஜின். கள் பனையைக் காட்டிக்கொடுத்துவிடும். விஸ்கி பார்லியையும் பீப்பாயில் கிடந்த வருஷங்களையும் சொல்லிவிடும். ஜின் சொல்வது, வடித்தவன் எதைத் தேர்ந்தான், எதை விட்டான் என்பதை மட்டும்தான். மதுவகைகளில் பாணி என்ற சொல்லுக்கு முழுக்கத் தகுதியானது இது ஒன்றே என்று தோன்றுகிறது.

பாணிகள் சில இருக்கின்றன. பழைய டச்சு ஜெனீவரில் அடியில் மால்ட் தானியத்தின் கனம் நிற்கும். இங்கிலாந்தின் ஓல்ட் டாம் இனிப்பு. லண்டன் டிரை என்பது ஊர்ப் பெயரைக் கொண்டிருந்தாலும் ஊரைக் குறிப்பதல்ல. ஒரு கட்டுப்பாட்டைக் குறிப்பது. வடித்து முடித்த பிறகு தண்ணீரைத் தவிர அநேகமாக எதையும் சேர்க்கக் கூடாது. வாசனை முழுவதும் கொதிகலத்துக்குள்ளேயே ஏறியிருக்க வேண்டும். பிற்பாடு வந்த புதுப் பாணி ஜூனிபரைப் பின்னுக்குத் தள்ளி, எலுமிச்சையையோ பூவையோ மிளகையோ முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சிதம்பரத்திலிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரி போகிறவன், ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், பாஷை மாறாமல் சட்டம் மாறுவதைப் பார்க்கிறான். அப்படி மாறிய பக்கத்தில், நண்பர் ஒருவர் வீட்டில், சமீபத்தில் மூன்று புட்டிகளை ருசி பார்க்கக் கிடைத்தது. மூன்றும் கோவாவிலிருந்து வந்த பெயர்கள். 2017ல் வெளிவந்த கிரேட்டர் தேன், 2018ல் வந்த ஹபுஸா, அதே வருஷத்து ஸ்ட்ரேஞ்சர் அண்ட் ஸன்ஸ். நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் கவிதை எழுதுகிறவர்கள். ஆகவே ருசியைப் பற்றிய பேச்சு ருசியைவிட நீண்டது.

முதலாவது லண்டன் டிரை. ஜூனிபர் முன்னால் வருகிறது, கொத்தமல்லியும் இஞ்சியும் ஒழுங்காகப் பின்னால் வருகின்றன. இலக்கணம் தெரிந்த பையன் எழுதிய வெண்பா மாதிரி. தளை தட்டவில்லை, அவ்வளவுதான் என்றார் ஒருவர். அது சின்ன விஷயமில்லை என்பது என் கட்சி. ஹபுஸா வேறு ஜாதி. ஜூனிபருக்குச் சம்ஸ்கிருதத்தில் உள்ள பேரையே சூடிக்கொண்டிருக்கிறது. இமயமலைக் காட்டு ஜூனிபர், மஞ்சள், மாங்காய், ஏலக்காய். மழை பெய்து ஓய்ந்த மண்ணும் பிசினும் சேர்ந்த மணம். மூன்றாவதில் கந்தராஜ் எலுமிச்சையும் நாகபுரி ஆரஞ்சுத் தோலும் முதலில் வந்து, அவை போனபின் மிளகும் ஜாதிக்காயும் நாக்கில் உட்காருகின்றன.

மூன்றும் நல்ல வேலை. ஆனாலும் பின்னிரண்டைக் குடிக்கையில் நம் கதைகளில் ‘மண்வாசனை’ என்று பாராட்டப்படுகிற சமாச்சாரம் ஞாபகத்துக்கு வருகிறது. அடியில் இருப்பது எங்கேயும் கிடைக்கும் நிறமற்ற ஆல்கஹால். மேலே நாலு வட்டாரச் சொல்லைத் தூவியாயிற்று. படிக்கிறவன் ஊர் வந்துவிட்டது என்று நம்புகிறான். ஊர் வந்திருக்கிறதா, ஊரின் மசாலா வந்திருக்கிறதா என்ற கேள்வி விமர்சகனுக்குரியது. லேபிளுக்கு அது அவசியமில்லை.

இதற்கு மறு உதாரணம் கொழும்பில் இருக்கிறது. அங்கே ராக்லண்ட் என்ற ஸ்தாபனம் 1924லிருந்து சாராயம் வடித்துவருகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவின் வழக்கமான சரக்குகள் வந்துசேருவது கஷ்டமாகிப்போனது. கைக்கெட்டிய இலவங்கப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் ஜின்னுக்குள் போயின. கறிவேப்பிலை அங்கே அலங்காரமாக நுழையவில்லை, வேறு வழியில்லாமல் நுழைந்தது. அதுவே பிற்பாடு கொழும்பு நம்பர் செவன் என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போய் அலங்காரமாகவும் ஆனது. எழுத்தில் உண்மையான புதுமைகள் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். சொல் கிடைக்காத நெருக்கடி முதலில், பாணி பிறகு.

நம் பக்கத்தில் சரக்குக்குப் பஞ்சமில்லை. சிதம்பரத்தின் வீதிகளில் எந்த நாட்டு மருந்துக்கடையில் நுழைந்தாலும் ஜின் காய்ச்சுகிறவனின் பட்டியலில் பெரும்பகுதி இழுப்பறைகளில் இருக்கும். கொத்தமல்லி விதை, அதிமதுரம், ஏலம், இலவங்கப்பட்டை, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, சுக்கு. இவற்றுக்குச் சித்த வைத்தியத்தில் கடைச்சரக்கு என்றே பெயர். அதே ‘சரக்கு’ இன்று வேறு கடையில் வேறொன்றைக் குறிக்கிறது. பாஷை தன் போக்கில் செய்துகொண்ட சிலேடை. வடிக்கும் கருவிக்கும் பெயர் இருந்தது: வாலை. வடித்தெடுத்ததற்கும் இருந்தது: தீநீர். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளைச் சித்த வைத்தியம் முப்பத்திரண்டாக வகுக்கும்போது தீநீரும் அதில் ஒன்று. வயிறு உப்பிய குழந்தைக்குக் கொடுத்த ஓமத் தீநீர், செய்முறையில் ஜின்னுக்குச் சித்தப்பா பிள்ளை. ஒரு விதையின் வாசனையை நெருப்பால் பிரித்து நீரில் ஏற்றுகிற வித்தை இரண்டிலும் ஒன்றுதான்.

சாராயத்திலும் இந்த வித்தை இருந்தது. வெல்லத்தோடு வெல்வேலம்பட்டையைப் போட்டுப் புளிக்கவைத்து வடித்ததால் அது பட்டைச் சாராயம். ஜூனிபரால் ஜின்னுக்குப் பேர் வந்த மாதிரிதான். ஒரு பேர் படித்த வர்க்கத்தின் மேஜைக்கு ஏறிவிட்டது, மற்றது வசவாக மிஞ்சியது.

இந்த இறக்கத்துக்கு எங்கள் ஜில்லாவிலேயே ஒரு விலாசம் உண்டு. கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில் 1842ல் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வந்தது. ஈ.ஐ.டி. பாரி என்று இன்றும் சொல்கிறோம். அதில் உள்ள ‘டி’ டிஸ்டில்லரீஸ், வடிசாலைகள், என்பது சர்க்கரை வாங்குகிறவர்களுக்கு நினைவில்லை. ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் ஷுகர் பாக்டரீஸ் என்பது 1897ல் உருவான கம்பெனியின் பெயர். அதற்குச் சற்று முன்னால், 1886ல், மதராஸ் ஆப்காரிச் சட்டம். வரி ஒழுங்காக வசூலாக வேண்டுமானால் வடிப்பது சில பெரிய இடங்களில் மட்டும் நடக்க வேண்டும் என்பது அக்காலத்து ஆப்காரிக் கொள்கையின் போக்கு. ஊருக்கு ஊர் இருந்த சின்ன வாலைகள் குற்றமாயின. அதன்பின் 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971ல் நீங்கி, 1974ல் திரும்பி, 1981ல் கள்ளும் சாராயமும் கடைக்கு வந்து, 1987ல் போயின. 2003லிருந்து சில்லறை விற்பனையும் அரசின் கையில். ஆட்சிகள் திறந்தன, மூடின. சின்ன வாலைக்கு மட்டும் எந்த ஆட்சியிலும் இடமில்லை.

லண்டனிலும் இதே நோய் இருந்தது. 1,800 லிட்டருக்குக் குறைந்த வாலைக்கு அங்கே அதிகாரிகள் அப்போது லைசென்ஸ் தராமலிருந்தார்கள். ஸிப்ஸ்மித் என்ற சிறு கூட்டம் மன்றாடி 2009ல் அதைப் பெற்றது. இன்றைய ஜின் எழுச்சிக்கு அதுவே வாசல் என்கிறார்கள். 2016ல் அவர்களை பீம் சன்டோரி என்ற பெருங்கம்பெனி வாங்கிவிட்டது. கிரேட்டர் தேன், ஹபுஸா இரண்டையும் செய்த நாவ் ஸ்பிரிட்ஸில் 2022ல் யுனைட்டெட் ஸ்பிரிட்ஸ் பங்கு வாங்கியது. ‘சிறு’ என்ற அடைமொழிக்கு ஆயுசு எவ்வளவு என்பது சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொள்ளிடக் கரையோரம் எங்கள் ஊரில், எழுபதுகளில், ஒரு பெரியவர் இருந்தார். காய்ச்சுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். வாலையிலிருந்து இறங்கும் முதல் குவளையைப் பூமியில் கொட்டிவிடுவார். சாமிக்கு என்பார். கடைசியில் வருவதையும் தொடமாட்டார். முதலில் வருவது காரமும் கெடுதலும் நிறைந்தது, கடைசியில் வருவது சப்பையும் நாற்றமும். நடுவில் இருப்பதே சாராயம் என்பது பிற்பாடு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. அவருக்கு அது சாமி விஷயம். ஐரோப்பாவிலும் கோவாவிலும் செம்பு வாலைக்கு முன் நிற்கிறவன் இன்றைக்கும் செய்வது இதைத்தான். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதுதான் அந்தத் தொழில். மசாலா பிறகு வருகிறது.

அந்தப் பெரியவரைப் பழைய பெருமையாக்கிப் பார்க்கும் உத்தேசம் எனக்கில்லை. அவர் சரக்கில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதும் தெரியும். அவர் மனைவியே அதைச் சொல்லித் தெருவில் நின்று கத்தியிருக்கிறாள். ஆனால் அவருக்கு ஒரு முகம் இருந்தது. கெட்டுப்போனால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பது ஊருக்குத் தெரியும்.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மனிதர்கள் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். இரண்டும் பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த மண். கள்ளச்சாராயம் என்று எழுதினோம். அது காய்ச்சியதே அல்ல. ஆலைகளில் வேறு காரியங்களுக்காகத் தயாராகும் மெத்தனால், தண்ணீர் கலந்து பாக்கெட்டில் கட்டியது. வெல்லமில்லை, பட்டையில்லை, வாலையில்லை, கொட்டிவிட முதல் குவளையும் இல்லை. ருசி தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. மெத்தனாலை நாக்கும் மூக்கும் பிரித்தறிவது கஷ்டம். இல்லாமல் போனது ருசியல்ல. செய்ததற்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆள்.

நண்பர் வீட்டில் மூன்று புட்டிகளின் லேபிளையும் திரும்பத் திரும்பப் படித்தோம். எங்கே வடித்தது, என்னென்ன போட்டது என்று அச்சடித்திருந்தது. விலையும் இருந்தது, கருணாபுரத்தில் செத்தவர்களில் பலருக்கு அது சில நாள் கூலி. சின்ன அளவில், கவனமாக, பேர் போட்டுச் செய்வது என்ற உரிமை அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது. ஒருவனுக்குக் கலை என்று லைசென்ஸ் கிடைக்கிற காரியம் இன்னொருவனுக்குக் குற்றம் என்று கிடைக்கும்போது, குற்றமென்று பேர் வாங்கிய இடத்தில் கவனம் முதலில் சாகிறது. பிறகு மனிதர்கள்.