சும்மாடு

காட்டுக்குள் நடக்கப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் உபதேசம், பையைக் குறை என்பதுதான். ஒரு போர்வை, ஒரு மாற்றுத்துணி, டார்ச் லைட், தண்ணீர் பாட்டில், கொஞ்சம் கடலை மிட்டாய். இதற்கு மேல் வேண்டாம் என்பார்கள். மலையேறும் நண்பர்கள் தங்கள் பை ஐந்து கிலோதான், நாலு கிலோதான் என்று பெருமை பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மிச்சத்தை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி அந்தப் பேச்சில் வராது.

எங்க ஊர் பொதிகைக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. எங்க தெருப் பொம்பளைகளும் குறைஞ்ச மூட்டையோடதான் காட்டுக்குப் போனார்கள். ஒரு வெட்டருவா, ஒரு கயிறு, தூக்குவாளியில் கஞ்சி, சும்மாட்டுக்குப் பழந்துணி. விடியுமுன்னே போனால் வெயில் சாயத்தான் வருவார்கள். வரும்போது தலையில் ஆளுயர விறகுக்கட்டு. யானையைவிடக் காக்கிச் சட்டைக்குத்தான் பயம். கார்டு வந்தால் கட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அருவாளைப் பிடுங்கிக்கொண்டால் அன்றைக்கு அடுப்பும் போச்சு, அருவாளும் போச்சு. என்னை ஆச்சி ஒருநாள்கூடக் கூட்டிப் போனதில்லை. "ஏட்டி, நீ புஸ்தகத்தச் சொமந்தாப் போதும்" என்பாள்.

அப்படிச் சுமந்த புஸ்தகங்களில் பொதிகை அடிக்கடி வந்தது. சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் வடக்கே கூடிவிட, பாரம் தாங்காமல் பூமி சாய்ந்ததாம். சமப்படுத்த அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்களாம். கையில் ஒரு கமண்டலம் மட்டும். அதைவிடக் குறைந்த மூட்டையோடு யாரும் பயணம் போயிருக்க முடியாது. வந்தவர் மலைக்கும் சொந்தக்காரர் ஆனார், தமிழுக்கும் இலக்கணக்காரர் ஆனார். புறநானூறு பொதியில் மலைக்குத் தலைவனாக ஆய் அண்டிரனைச் சொல்கிறது, அதையும் படித்தோம். அந்தக் காட்டில் இன்றும் குடியிருக்கும் காணி மக்களைப் பற்றி எம்.ஏ. இரண்டு வருஷத்திலும் ஒரு வார்த்தை கிடையாது. காணி என்றால் நிலம், நிலத்தின்மேல் உள்ள உரிமை என்று சொற்பொருள் மட்டும் எழுதி மார்க் வாங்கினோம்.

2020 ஜனவரியில் அந்த மலைக்குப் போனேன். எங்க ஊர்ப் பக்கம் புலிகள் காப்பகம், ஏற விடமாட்டார்கள். வாசலில் நிற்கிற மலைக்கு மேற்கே சுற்றி, திருவனந்தபுரம் போய், போனக்காட்டிலிருந்து அனுமதிச் சீட்டோடு ஏற வேண்டியிருந்தது. பெண்களுக்கு இருந்த தடை 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில்தான் நீங்கியது. எங்க பெண்களே ஏறாத இடம் என்று காணி மக்கள் அதை எதிர்த்தார்கள். என் உரிமையும் அவர்கள் வழக்கமும் மோதிக்கொண்ட இடம் அது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இரண்டு வரியில் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

உயரம் 1868 மீட்டர். முதல் நாள் அதிருமலை முகாம் வரைக்கும் நடை, மறுநாள் உச்சி. பாழடைந்த தேயிலைத் தோட்டத்தைத் தாண்டினால் காடு. ஓடைகள், அப்புறம் நிழலே இல்லாத புல்மேடு, அப்புறம் முட்டிடிச்சான் தேரி. பேரிலேயே ஏற்றம் இருக்கிறது, முட்டி வந்து நெஞ்சில் இடிக்கும். என் பையும் இலேசுதான். சோறு கட்டிக்கொண்டு போகவில்லை. அதிருமலையில் கஞ்சியும் பயறும் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தேரியில் நான் பாறையைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, பின்னாலிருந்து ஒருவர் வந்து ஒதுங்கச் சொன்னார். தலையில் அரிசி மூட்டை. கழுத்து அசையவில்லை. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்திருந்தார், எங்க ஆச்சி சுற்றுகிற அதே சுற்று. ராத்திரி நாங்கள் குடிக்கப்போகிற கஞ்சி எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. சிலிண்டரும் இப்படித்தானா என்று வழிகாட்டி வந்த காணித் தம்பியிடம் கேட்டேன். "எல்லாம் தலைச்சுமடு தன்னெ. பாரம் இல்லெங்கில் பைசா இல்ல சேச்சி" என்றான்.

1987இல் இதே காட்டுக்குள் பி. புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் வந்தார்கள். பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்கும் அரசாங்கத் திட்டம். நடந்து நடந்து இவர்கள் களைத்துப்போனார்கள், கூட வந்த காணிகள் களைக்கவில்லை. ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டே நடந்தார்கள். இவர்களுக்கும் கொடுத்தார்கள், உடனே தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி போன்றோர் காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதன் இலையோடு வேறு மூலிகைகளும் சேர்த்துப் பாலோடு ஆராய்ச்சி நிறுவனத்தில் 'ஜீவனி' என்ற மருந்து தயாரானது. 1995இல் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதை வாங்க ஓர் அறக்கட்டளை பதிவானது 1997இல். உலகத்துக்கே முன்மாதிரி என்று பாராட்டினார்கள். பாதி கொடுத்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. மற்ற இடங்களில் அதுவும் கிடையாது. ஆனால் அந்தச் செடியைக் காணிகள் பயிரிட்டுப் பறித்து விற்கப் போனபோது, காட்டுச்செடி அழிந்துவிடும் என்று வனத்துறை தடுத்தது. காட்டிக்கொடுத்தவன் கைபட்டால் அழியுமாம்! அடிவாரத்தில் எங்க ஆச்சியிடம் அருவாளைப் பிடுங்கியதற்கும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறையேறி உச்சிக்குப் போனோம். அங்கே அகத்தியர் சிலை. கூட வந்தவர்கள் பூசை பண்ணினார்கள். நான் கிழக்கே எங்க ஊர் தெரிகிறதா என்று பார்த்தேன். மேகம் மூடியிருந்தது.

இறங்கும்போது தம்பியிடம் ஆரோக்கியப்பச்சை எங்கே இருக்கும், காட்டு, பார்க்கணும் என்றேன். இரண்டு பக்கமும் ஈரமண்ணில் சின்னச் சின்னச் செடிகள் நிறைய இருந்தன. அவன் குனிந்து பார்க்கவே இல்லை.

"அது இவிடெ இல்ல சேச்சி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். நான் திரும்பக் கேட்கவில்லை.