பினாங்குக்கு ஒரு விண்ணப்பம்

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்து, எம்.சி. ரோட்டை நோக்கி நடந்தால் துணிக்கடைகளின் ஆரவாரம் நம்மை எதிர்கொள்கிறது. இப்பேட்டைக்கும் துணிக்கும் உள்ள உறவு நேற்றைய உறவன்று. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்த வண்ணார் மக்கள் குடியமர்ந்த இடமாதலால் இதற்கு இப்பெயர் வந்தது. வடக்கே திருவொற்றியூரை அடுத்துள்ள காலடிப்பேட்டையோ, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் எழுந்த நெசவாளர் குடியிருப்பு. ஓரிடத்தில் நெய்தனர், ஓரிடத்தில் வெளுத்தனர். துணி கடல் கடந்தது. உழைத்த கை கரையிலேயே நின்றது.

சென்ற மாதம் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, குறுகிய சந்தொன்றின் மாடி வீட்டில் இவ்வெண்ணம் மீண்டும் என் நெஞ்சில் எழுந்தது. அவ்வீட்டு இளைஞர் ஐரோப்பிய நிறுவனமொன்றுக்கு, இங்கிருந்தபடியே கணினி வழியாகப் பணிபுரிகிறார். "ஃபாதர், நானும் மனைவியும் ஓராண்டு பினாங்கில் தங்கி இதே வேலையைச் செய்ய விண்ணப்பிக்கப் போகிறோம். எங்கள் திருமணச் சான்றிதழ் வேண்டும்" என்றார். அருகில் அமர்ந்திருந்த தாயார் மட்டும் வாய் திறக்கவில்லை.

'டிஜிட்டல் நாடோடி' என்னும் சொல் நம்மில் பலருக்குப் புதிது. தன் வேலையைக் கணினியோடு சுமந்துகொண்டு, விரும்பிய நாட்டில் சில காலம் தங்குபவருக்கு இப்பெயர். இத்தகையோருக்கென எஸ்தோனியா நாடு 2020 ஆகஸ்டில் தனி விசாவை ஏற்படுத்தியது. கொள்ளை நோய்க் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிய உலகம், அதனை விரைவில் பின்பற்றியது. 2021-இல் குரோவேஷியாவும், 2022-இல் போர்ச்சுகலும் இவ்வழியைத் திறந்தன. மலேசியா 2022 அக்டோபரில் 'டிஇ ரந்தாவ்' என்ற பெயரில் தன் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்விட்டு அயலிடம் சென்று வாழ்வதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே 'ரந்தாவ்'.

இவ்வனுமதி 3 மாதம் முதல் 12 மாதம் வரை தரப்படுகிறது. மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். கணினித் துறையினர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டுபவராயிருக்க வேண்டும். 2024 முதல் பிற துறையினரும் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு வரம்பு 60,000 டாலர். கடவுச்சீட்டு, பணி ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். மனைவி மக்களை அழைத்துச் செல்வோர் உறவுக்குரிய சான்றிதழும் தர வேண்டும். இது குடியுரிமைக்கு வழியன்று. வேலை தேடித் தரும் சீட்டுமன்று. "உன் பிழைப்பு உன்னிடமே உள்ளதா?" என்பதே அதன் முதற் கேள்வி.

ஆகவே "நாடோடி விசாவில் அனுப்பி வேலையும் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். கணினி வேலை என்ற ஆசை வார்த்தையை நம்பித் தாய்லாந்து சென்ற தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடிக்கு அடிமைகளாக்கப்பட்ட கொடுமையை 2022-இல் கண்டோம்.

சான்றிதழுக்காகப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு சிக்கல் புலப்பட்டது. மணமகளின் பெயர் அதில் ஞானஸ்நானப் பெயராகவும், கடவுச்சீட்டில் பள்ளிப் பெயராகவும் இருந்தது. நம் பகுதியில் இது புதிதன்று. இராயப்பர் என்றாலும் பேதுரு என்றாலும் நமக்கு ஒருவரே. இராயபுரம் அவர் பெயரால் அமைந்த ஊரே. ஆனால் கோவிலில் இராயப்பனாகவும் பள்ளியில் பீட்டராகவும் எழுதப்பட்டவர், அயல்நாட்டு அலுவலருக்கு இருவராகவே தோன்றுவார். "கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதித் தாருங்கள், ஃபாதர். யாருக்கு என்ன நஷ்டம்?" என்று இளைஞர் கெஞ்சினார். பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதித் தரவே எனக்கு உரிமையுண்டு. தகுந்த ஆதாரங்களைக் காட்டி, மறைமாவட்ட அலுவலகத்தின் அனுமதி பெற்ற பிறகே திருத்தக் குறிப்பு எழுத இயலும் என்றேன். அவர் முகம் வாடியது. ஒரு மாதம் தாமதமானாலும் உண்மையான தாளோடு போவதே நல்லது என்று தேற்றினேன். பெற்றோரே, பிள்ளைகளின் பெயரைக் கோவிலிலும் பள்ளியிலும் ஒன்றாகவே எழுதுங்கள்.

அப்பொழுதுதான் தாயார் பேசினார். "எங்கள் மாமனாரும் பினாங்குக்குத்தான் போனார், சாமி. இராஜுலா கப்பலில். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை."

1926-இல் கட்டப்பட்ட இராஜுலா, 1973 வரை சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கும் இடையே நம் மக்களைச் சுமந்து சென்றது. அதில் சென்றோர் பலர் வேலை தேடிச் சென்றனர். திரும்பும் நாளை அறியாமலே சென்றனர்.

"நான் தினமும் செல்பேசியில் முகம் காட்டுவேனே, அம்மா" என்றார் மகன்.

"முகத்தைக் கேட்கவில்லையப்பா. திரும்பி வரும் தேதியைக் கேட்கிறேன்" என்றார் அவர்.

மகன் மறுமொழியின்றித் தலைகுனிந்தார். இந்த அனுமதியில் முடியும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதை அத்தாய்க்கு எடுத்துரைத்தேன். மகனிடமோ, "அனுமதி கிடைத்ததும் அதன் நகலொன்றை அம்மாவிடம் கொடு. நீட்டிக்க நினைத்தால் முதலில் அவர்களைக் கேள்" என்றேன். அவர் தாயின் கையைப் பற்றிக்கொண்டு, "கேட்கிறேன், அம்மா" என்றார்.

படியிறங்கி வந்தபோது துறைமுகத்திலிருந்து கப்பலொன்றின் சங்கொலி கேட்டது. அன்று துணி போயிற்று. கை இங்கே நின்றது. இன்று வேலையைச் சுமந்துகொண்டு கையும் போகிறது. போகட்டும், அது வளர்ச்சியே. ஆனால் கரையில் காத்திருக்கும் தாய்க்குத் திரும்பும் தேதியைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.